ஃப்ரீசரில் எலிக்கு இடம் இருக்கிறதா?

அக்கா மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டவள், “சாப்பிட்டீங்களா, சுகர் எப்படி இருக்கு” என்ற வழக்கமான விசாரிப்பெல்லாம் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள். “மாமா, உங்க பேரன் பாம்பு வளர்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க.”

முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பல்லி விழுந்த பாலைக் குடிக்கலாமா என்பதிலிருந்து நாய்க்குட்டிக்கு எத்தனை ஊசி என்பதுவரை குடும்பத்தின் எல்லாச் சந்தேகங்களும் என்னிடம்தான் வந்து சேரும். பாம்பு மட்டும் இதுவே முதல் தடவை. நான் பையனைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்துத்தான் அவள் போனை அவனிடம் நீட்டினாள். பன்னிரண்டு வயது. “விஷம் இல்லாத பாம்புதான் தாத்தா” என்றான் எடுத்த எடுப்பில். “சரி, அம்மாகிட்ட குடு” என்று வாங்கி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “உன் ஃப்ரீசர்ல எலி வைக்க இடம் இருக்கா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உலகத்தில் ஏறக்குறைய 4,000 வகைப் பாம்புகள் உண்டு. இலை தழை தின்னும் பாம்பு அதில் ஒன்றுகூடக் கிடையாது. பாம்பு வளர்ப்பது என்றால் மாமிசம் வாங்கிப் போடுவது. அதுவும் துண்டு போட்ட கறியாக அல்ல, தலை, வால், குடல், எலும்போடு முழு உயிரினமாக. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து, ஈரலிலிருந்து வைட்டமின் என்று அதற்கு வேண்டிய எல்லாமே அந்த முழு எலிக்குள்தான் இருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே எலி வளர்த்து, கொன்று, உறையவைத்துப் பாக்கெட்டில் விற்கிறார்கள். பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குஞ்செலிக்குப் ‘பிங்கி’ என்று பெயர். பாம்புக் குட்டிக்கு அதுதான் முதல் சோறு. பாம்பு வளர வளர எலியும் வளரும். பாம்பின் உடம்பு எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ, அந்தப் பருமனுக்குச் சற்றேறக்குறையச் சமமான எலி என்பது கணக்கு.

உயிருள்ள எலியைப் போடுவதுதானே இயற்கை என்று கேட்பவர்கள் உண்டு. காட்டில் எலி தப்பி ஓடலாம். பெட்டிக்குள் ஓட இடமில்லாத எலி திரும்பிக் கடிக்கும். பசியில்லாத பாம்போடு ராத்திரி முழுக்க விடப்பட்ட எலி, பாம்பின் முதுகெலும்பு தெரியுமளவுக்குக் கடித்துக் குதறியிருக்கிறது. எலிக்கும் அது நிம்மதியான சாவு அல்ல. உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளக்கி, பிறகு வெந்நீரில் வைத்து உடல்சூடு வரச் செய்து, நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்டினால் போதும். மைக்ரோவேவில் மட்டும் வைக்கக் கூடாது. ஏன் என்று விளக்கி உங்கள் அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

செத்த எலியாக இருந்தாலும் பாம்பு பாய்ந்து பிடித்து, சுற்றி இறுக்கிவிட்டுத்தான் விழுங்கும். இறுக்குவது மூச்சை நிறுத்த என்றுதான் நானும் வகுப்பில் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். 2015ல் அமெரிக்காவில் ஸ்காட் போபாக் குழுவினர் போவா பாம்பு சுற்றிய எலிகளின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. மூச்சு முட்டிச் சாவதற்கு வெகு முன்பே இதயம் தோற்றுவிடுகிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் பழைய நோட்டில் திருத்திக்கொள்ளவும்.

அக்கா மகள் வீட்டில் இன்னொரு சிக்கல். வருஷத்தில் ஆறு மாதம் மாமியார் வந்து தங்குவார். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எலி இருப்பது அவருக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் கோயம்புத்தூர் திரும்பிவிடுவார். இதில் மாமியார் கட்சிதான் சரி. பாம்பின் குடலிலும் அதற்குத் தீனியாகும் எலியிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். பாம்பு நோயே இல்லாமல் அதைச் சுமக்கும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். எனவே எலிக்குத் தனிக் குளிர்பெட்டி இருப்பது நல்லது. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பாம்பே வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி பதினாறு வயது நிரம்பாதவருக்கு விலங்கை விற்கக் கூடாது. பாம்பு கேட்பது பையன், சட்டத்தின் கண்ணில் வளர்ப்பது நீ. வீட்டில் வளர்க்க ஏற்றதென்று சொல்லப்படும் பாம்புகள் பதினைந்து, இருபது வருஷம் சர்வசாதாரணமாக வாழும். அவன் கல்லூரிக்குப் போவான், வேலைக்குப் போவான், கல்யாணம் பண்ணுவான். பாம்பு உன் வீட்டு மாடியறையிலேயே இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலைக்கு 1961ல் வந்த, பால் பைத்தான் என்ற வகை மலைப்பாம்பு ஒன்று, 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. அறுபது வயதைத் தாண்டிய கிழவி.

இதற்கெல்லாம் சம்மதம் என்றால்தான் எந்தப் பாம்பு என்ற பேச்சே.

‘தொடக்கக்காரருக்கு ஏற்ற பாம்பு’ என்றால் சாதுவான பாம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோல் போதாது. கடிக்காத பாம்பைவிட, நாம் செய்யும் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் பாம்புதான் முதல் பாம்பாக வர வேண்டும். முதன்முதலாக வளர்ப்பவர் என்ன தப்புச் செய்வார்? பெரும்பாலும் ஒரே தப்பு, சூடு.

நம் உடம்புக்குள் எந்நேரமும் அடுப்பு எரிகிறது. சாப்பிடும் சோற்றில் பெரும்பகுதி 37 டிகிரியைக் காப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்த அடுப்பு இல்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவே அதற்குப் போதும். வளர்ந்த பாம்பு பத்து, பதினான்கு நாளுக்கு ஒரு எலியோடு நிம்மதியாக இருக்கும் ரகசியம் இதுதான். அடுப்பு இல்லாததற்கு அது கொடுக்கும் விலையும் உண்டு: சூட்டை வெளியில் தேடிப் போக வேண்டும். செரிமானம், நோய் எதிர்ப்பு, தசையின் வேகம் எல்லாமே வெளிச்சூட்டை நம்பியவை. எலியை விழுங்கிய பாம்புக்குச் சூடு கிடைக்காவிட்டால் வயிற்றுக்குள் எலி செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். செரிமானம் அதற்கு எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்கு: பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005ல் கண்டுபிடித்தார்கள். ஒரு விருந்துக்காக இதயத்தையே பெரிதாக்கிக்கொண்டு, விருந்து முடிந்ததும் பழையபடி சுருக்கிக்கொள்ளும் பிராணி அது. எலி கொடுத்து இரண்டு நாளாவது பாம்பைத் தூக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே பாம்பை வைக்கும் பெட்டியை அதன் உடம்பில் பாதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஒரு கோடி 30 டிகிரி, மறு கோடி 24 டிகிரி இருக்க வேண்டும். பாம்பு தன் தேவைக்கு அங்கும் இங்கும் நகர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் உடம்பை நெருக்கிக்கொண்டு படுக்க ஒவ்வொரு பொந்து வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொந்து வைத்தால், சூடா பத்திரமா என்று பாம்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது பத்திரத்தையே தேர்ந்தெடுத்து, குளிரில் படுத்து நோயில் விழும். சூடேற்றும் கருவி எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது. கல் மாதிரிச் செய்து உள்ளே கம்பிச்சுருள் வைத்த ‘ஹீட் ராக்’ என்று ஒரு சாமான் கடைகளில் தொங்கும். அதன்மேல் படுத்து வயிறு வெந்துபோன பாம்புகள் ஏராளம். தொட்டால் சுடுகிறது என்று நாம் கையை உதறுவதுபோல் பாம்பு உடனே விலகுவதில்லை. காசு கொடுத்து வாங்கக் கூடாத பொருள்களில் அதை முதலில் எழுதுவேன்.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பாம்பே இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கி, சூடேற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பார். தினம் காலையும் ராத்திரியும் இரண்டு கோடியிலும் வெப்பநிலை எழுதி எனக்கு அனுப்பு. மான்செஸ்டர் குளிரில் அது அத்தனை சுலபமில்லை என்பது மூன்றாம் நாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இனி என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். கார்ன் ஸ்னேக். தமிழில் சோளப்பாம்பு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் எலிப்பாம்பு; நம் ஊர்ச் சாரைப்பாம்புக்கு ஒருவகையில் தூரத்து உறவு. மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்கத் திரிந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். வயிற்றில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பலநிற மக்காச்சோள முத்துகள் போல இருப்பதால் என்றும் சொல்வார்கள். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி. சாரை மாதிரி பறக்கும் வேகம் கிடையாது. எலியைக் கண்டால் மறுப்பதில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் கோபித்துக்கொள்வதில்லை. சாதாரண அறையின் ஈரப்பதமே பெரும்பாலும் போதும். இதைத்தான் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் பாம்பு என்றேன். அதற்குள்ள ஒரே கெட்ட பழக்கம், தப்பி ஓடுவது. தலை நுழையும் இடுக்கு எதுவானாலும் உடம்பும் நுழைந்துவிடும். பென்சில் பருமனுள்ள குட்டிக்கு மூடியைப் பூட்டாமல் விட்டீர்கள் என்றால், அடுத்த ஒரு மாதம் சலவை இயந்திரத்துக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

சோளப்பாம்பில் மெண்டல் பாடமும் ஒளிந்திருக்கிறது. 1950களில் காட்டில் பிடிபட்ட, கறுப்பு நிறமியே இல்லாத ஓர் ஆண் பாம்பைச் சாதாரணப் பெண் பாம்போடு சேர்த்தார் ஹெச். பெர்னார்ட் பெக்டெல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாமே சாதாரண நிறம். அவற்றுக்குள் இணைசேர்த்தபோது 1960களின் தொடக்கத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் செங்கண் குட்டிகள் பொரிந்தன. பட்டாணிச் செடியில் மெண்டல் பார்த்த அதே ஒடுங்குபண்பு. இன்று சோளப்பாம்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான நிற வகைகளுக்கெல்லாம் அங்கேதான் பிள்ளையார்சுழி. நிறம் எதுவானாலும் பாம்பின் குணம் ஒன்றுதான். விலைதான் மாறும்.

பையனின் ஆசை வேறு. அவனுக்குப் பால் பைத்தான் வேண்டுமாம். இந்தப் பாலுக்கும் நாம் காய்ச்சும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்கிறார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மலைப்பாம்பு; நான்கைந்து அடிதான் வளரும், ஆனால் குண்டாக, கனமாக, நிதானமாக இருக்கும். பெனின் நாட்டின் வீதா நகரில் இதற்குக் கோயிலே உண்டு. ஊருக்குள் ஊர்ந்து வந்தால் யாரும் அடிப்பதில்லை, எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் விடுவார்கள். நாகருக்குக் கல் நட்டு மஞ்சள் பூசும் நமக்கு அது விசித்திரமாகத் தோன்றாது.

கையில் வைத்திருக்க இதைவிடச் சுகமான பாம்பு இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் முதல் பாம்பாக இதை நான் சொல்ல மாட்டேன். முதல் காரணம், பட்டினி. குளிர்காலம் வந்தால், இடம் மாறினால், பெட்டி சற்றுப் பெரிதாகி ஒளிவிடம் குறைந்தால், சில சமயம் காரணமே இல்லாமல், மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். நல்ல உடம்புள்ள வளர்ந்த பாம்புக்கு அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வாராவாரம் எலியை இளக்கி, நீட்டி, அது முகத்தைத் திருப்பிக்கொள்ள, எலியைக் குப்பையில் போடும் பன்னிரண்டு வயதுப் பையனின் மனசு என்ன ஆகும்? அவனுடைய அம்மா எனக்குத்தான் போன் செய்வாள். இரண்டாவது, இதற்குச் சூடும் ஈரமும் சோளப்பாம்பைவிடக் கூடுதலாக வேண்டும். ஈரம் குறைந்தால் சட்டை முழுசாக உரியாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிபோல ஒரு செதில் மூடியிருக்கும், சட்டையோடு சேர்ந்து அதுவும் உரிய வேண்டும். உரியாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

மூன்றாவது காரணம் மனிதர்களுடைய பேராசை. பால் பைத்தானிலும் ஆயிரக்கணக்கில் நிற வகைகள் உருவாக்கிவிட்டார்கள். அதில் ‘ஸ்பைடர்’ என்று ஒன்று, சிலந்தி வலை பின்னியதுபோல் அழகான கோடுகள். அந்தக் கோடுகளைத் தரும் மரபணுவே காதின் உள்பகுதியையும் கெடுக்கிறது. 2022ல் இந்தப் பாம்புகளின் மண்டையோட்டை நுண் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்கள் உருக்குலைந்திருந்தன. தலை ஆடும், குறி தவறும், சில பாம்புகள் திருகிக்கொண்டு மல்லாந்து விழும். தெரிந்தும் விற்கிறார்கள், தெரியாமல் வாங்குகிறார்கள். பேரழகான பாம்பொன்று தலையை ஆட்டிக்கொண்டே உங்களைப் பார்த்தால், அது உங்களை வரவேற்கவில்லை.

பால் பைத்தானைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. மகுடிக்குப் பாம்பு ஆடுமா, பாம்புக்குக் காது கேட்குமா என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்காத வருஷமே இல்லை. காதுத் துளையும் செவிப்பறையும் இல்லாததால் கேட்காது, மகுடியின் அசைவைத்தான் தொடர்கிறது என்பது பாடப்புத்தகப் பதில். 2012ல் டென்மார்க் ஆய்வாளர்கள் பால் பைத்தானின் தலையில் மின்முனை வைத்து மூளையின் பதிலை அளந்தார்கள். 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளுக்கு மூளை பதில் சொன்னது. காற்றில் வரும் ஒலி மண்டையோட்டை அதிரவைக்கிறது, அந்த அதிர்வு உட்காதைப் போய்ச் சேர்கிறது. மகுடியின் அசைவு பற்றிய பதிலில் மாற்றமில்லை. செவிடு என்ற தீர்ப்பு மட்டும் தள்ளுபடி. பெட்டியைப் பையனின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதே என்று சொல்ல எனக்கு இது உதவியது.

மற்ற வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கிங் ஸ்னேக் உறுதியான, நல்ல பசியுள்ள பாம்பு. மற்றப் பாம்புகளைத் தின்னும். நம் ராஜநாகத்துக்குக் ‘கிங்’ பட்டம் கிடைத்ததும் இதே காரணத்தால்தான், மற்றபடி இரண்டும் வேறு வேறு குடும்பம், கிங் ஸ்னேக்குக்கு விஷம் கிடையாது. கிங் ஸ்னேக் இரண்டை ஒரே பெட்டியில் வைத்தால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். பொதுவாகவே எந்தப் பாம்புக்கும் துணை தேவையில்லை. பாவம் தனியாக இருக்கிறதே என்ற இரக்கத்தை வேறு எங்காவது காட்டுங்கள். கிங் ஸ்னேக்கின் நெருங்கிய சொந்தம் மில்க் ஸ்னேக். தொழுவத்தில் புகுந்து மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்று அமெரிக்க விவசாயிகள் நம்பியதால் வந்த பெயர் இது. நம் கிராமங்களில் சாரைமேல் போட்ட அதே பழி. இரண்டு ஊரிலும் பாம்பு தொழுவத்துக்கு வந்தது எலிக்காக. கூரான சின்னப் பல் வரிசையோடு பாம்பு மடியைக் கவ்வினால் எந்த மாடு சும்மா நிற்கும்? புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களும் யோசிக்கலாம், பாம்புக்குப் பால் உணவே அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதைக் கொடுத்தாலும் குடிக்கும்.

ஹாக்நோஸ் என்ற பன்றிமூக்குப் பாம்பு சின்னது, வேடிக்கையானது. மிரட்டினால் நாகம் மாதிரி கழுத்தை விரிக்கும். அதற்கும் பயப்படாவிட்டால் மல்லாந்து வாயைப் பிளந்து செத்ததுபோல் நடிக்கும். வாயின் பின்பக்கப் பல்லில் லேசான விஷம் உண்டு. விடாமல் கவ்வினால் கை வீங்கும். அதனால் முதல் பாம்பாக வேண்டாம். கார்ட்டர் பாம்புக்கு மீனும் மண்புழுவும் கொடுத்தே வளர்க்கலாம், எலி பிடிக்காத வீட்டுக்கு ஏற்றது என்பார்கள். ஆனால் தங்கமீன் போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து கொடுத்தால் பாம்புக்கு வலிப்பு வரும். மீனின் பெயர் தெரியாமல் வாங்கிப் போடுகிறவர்களுக்கு அதுவும் ஏற்றதல்ல.

எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாதது பெரிய மலைப்பாம்பு. கடையில் பர்மிய மலைப்பாம்புக் குட்டி இரண்டடி நீளத்தில் சாதுவாகச் சுருண்டிருக்கும். நாலைந்து வருஷத்தில் பத்தடியைத் தாண்டிவிடும். பெண் பாம்பு பதினைந்து அடியையும் தாண்டும். அதைத் தூக்கவே இரண்டு, மூன்று ஆள் வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இப்படி ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் பயந்து, காரில் கொண்டுபோய் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டவர்கள் பலர். 1992ல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையைத் தரைமட்டமாக்கியதில் தப்பியவையும் சேர்ந்துகொண்டன என்பார்கள். அங்கே அவற்றை வேட்டையாட எதுவும் இல்லை, தின்பதற்கு எல்லாம் இருந்தது. 2012ல் வெளிவந்த ஆய்வு, சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்கள் 1990களோடு ஒப்பிட்டால் 99.3 சதவீதம் குறைந்துவிட்டன என்றது. ஒபாசம் 98.9 சதவீதம், பாப்கேட் என்ற காட்டுப்பூனை 87.5 சதவீதம். அந்த வருஷம்தான் அமெரிக்கா பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதிக்குத் தடை போட்டது. குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டினார்கள்.

மிச்சக் கதை நம் ஊரில் தொடங்குகிறது. 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநில வனவிலங்குத் துறையும் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இரண்டு இருளர்களை வரவழைத்தன: மாசி சடையன், வடிவேல் கோபால். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் கரைமேல் காரில் மெதுவாகப் போய், வெளியில் வந்து வெயில் காயும் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் கையில் கம்பியோடு புதருக்குள் இறங்கினார்கள். தடம், எச்சம், உரித்த சட்டை, பொந்தின் வாய் என்று மண்ணைப் படித்துக்கொண்டே போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றிலிருந்து மட்டும் நான்கு. அதில் ஒரு பெண் பாம்பு பதினாறு அடி. யாரோ ஒருவர் பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த பாம்பின் பேரப்பிள்ளைகளைப் பிடிக்கப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி நம் ஆட்கள் போக வேண்டியிருந்தது. இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் பையன் பால் பைத்தானை விட்டுச் சோளப்பாம்புக்கு இறங்கிவந்தான். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பொரிந்ததா என்று முதலில் கேள். காட்டில் பிடித்தது உண்ணியும் குடற்புழுவும் கிலியுமாக வரும். கண் தெளிவாக இருக்கட்டும், பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார். மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி இருந்தால் சளி, வேண்டாம். செதிலுக்கு இடையில் கறுப்பு மிளகுப்பொடி தூவியதுபோல் ஏதாவது நகர்ந்தால் அது செள். வீட்டுக்குள் வந்தால் ஒழிக்க மாதக்கணக்கில் ஆகும். கையில் எடுத்தால் நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதிக்க வேண்டும். துணிக்கயிறு மாதிரித் தொங்கினால் உடம்பு சரியில்லை. உன் கண் முன்னால் ஒரு எலி தின்று காட்டட்டும். இதற்கு மறுக்கிற கடையில் வாங்காதே. முடிந்தால் கடைக்கே போகாமல், வளர்த்தவர்கள் கைவிட்ட பாம்புகளைக் காக்கும் காப்பகத்துக்குப் போ. சோளப்பாம்புக்கு அங்கே பஞ்சமே இருக்காது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் தண்ணீர் வைப்பதைத் தவிரத் தொடக் கூடாது. பிறகு எடுக்கும்போது மேலிருந்து கை வராமல் பக்கத்திலிருந்து வர வேண்டும். மேலிருந்து வருவது கருடன் என்று அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. கடித்தால்? கடித்தால் ரோஜா முள் கீறியது மாதிரி இருக்கும். பல் உள்நோக்கி வளைந்தது, வெடுக்கென்று இழுத்தால் கிழியும்; அதுவாக விடும்வரை பொறுக்க வேண்டும்.

“அதுக்கு என்னைத் தெரியுமா தாத்தா?” என்று கடைசியாகக் கேட்டான். உன் வாசனை ஆபத்தில்லாத வாசனை என்று அதற்குப் பழகிவிடும், அவ்வளவுதான், வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவராது என்றேன். பாசம் வேண்டுமென்றால் நாய் வளர்க்கச் சொன்னேன். யோசித்துவிட்டு, “பரவால்ல தாத்தா, நான் அதைப் பார்த்துட்டே இருப்பேன்” என்றான். அந்தப் பதிலுக்காகவே அவனை வளர்க்கவிடலாம் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன்.

இதை வாசிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாரும் அப்பாவிடம் போய் நிற்க வேண்டாம். இங்கே சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். சாரையானாலும் தண்ணீர்ப்பாம்பானாலும் சரி. வெளிநாட்டு உயிரினம் என்றால், சர்வதேச வணிகக் கட்டுப்பாடான சைட்டீஸ் பட்டியலில் இருப்பவற்றை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024ல் விதி வந்தது. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. பதிவது ஒருபுறம், அவை எப்படி வருகின்றன என்பது வேறு கதை. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தபோது உள்ளே 45 பால் பைத்தான்களும் 8 சோளப்பாம்புகளும் இருந்தன. இந்தக் கட்டுரையின் இரண்டு கதாநாயகர்களும் ஒரே சூட்கேஸ் கூட்டத்தில். வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். இணையத்தில் யாரோ விற்கும் பாம்பை வாங்குகிறவர் அடுத்த சூட்கேஸுக்கு முன்பணம் கொடுக்கிறார்.

பாம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை உங்கள் பிள்ளைக்கும் இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டிப்போங்கள். 1978ல் தொடங்கிய சங்கம். பாம்பு வளர்ப்பவர்களைவிடப் பாம்பு தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.